முன் பிரேக் இல்லாத சிவப்பு சைக்கிள்

அக்கா,

விரல் இடுக்கில் கிரீஸ் வாசனை இன்னும் போகவில்லை. மண்ணெண்ணெய் தொட்டுத் துடைத்தேன். துணி சோப்பு போட்டுத் தேய்த்தேன். சாம்பலும் போட்டுப் பார்த்தேன். ராத்திரி ரசம் சோற்றைப் பிசைந்து வாயருகே கொண்டுபோனபோது, ரசத்தையும் மீறிக்கொண்டு அந்த வாசனைதான் வந்தது. கூடவே உன் அறையும் வந்துவிட்டது. தரையில் விரித்த பழைய பேப்பர், கவிழ்த்துப் போட்ட ஃப்ரேம், முட்டியைக் கட்டிக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டிருக்கும் நீ. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "இன்னாடி தனியா சிரிக்கற?" என்றாள் அம்மா. புரையேறிவிட்டது என்று சொல்லித் தண்ணீர் குடித்தேன்.

இப்போது அம்மா தூங்கிவிட்டாள். அப்பாவுக்கு கம்பெனி கேட்டில் ராத்திரி ட்யூட்டி, காலை ஆறு மணிக்கு மேல்தான் வருவார். ஜீரோ வாட் பல்புக்குக் கீழே, கெமிஸ்ட்ரி ரெக்கார்டின் கடைசிப் பக்கங்களில் எழுதுகிறேன். அம்மா புரண்டு படுக்கும்போதெல்லாம் நோட்டை மூடிவிட்டு மூச்சைப் பிடித்துக்கொள்கிறேன். ஆனாலும் உன்னிடம் சொல்லாமல் படுக்க முடியாது. இன்றைக்கு ஓட்டிவிட்டேன் அக்கா. நம் சைக்கிளை! ஏரிக்கரை மேலேயே, ஸ்ரீபெரும்புதூர்ப் பள்ளிக்கூட வாசல் வரைக்கும், பெல் அடிப்பதற்கு முன்னால்.

நீ இருந்திருந்தால், உங்கள் ஊர் வழக்கப்படி 'டி'யை 'ட்டி' ஆக்கி, "பொய் சொல்லாதட்டி" என்று தலையில் தட்டியிருப்பாய்.

நீங்கள் எங்கள் மாடிக்குக் குடிவந்தது, நான் பத்தாவது எழுதி முடித்த கோடையில். சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து நாலு பெண்கள், ஒரு அறை, ஒரு ஸ்டவ். நாலு பேருக்கும் ஒரே கம்பெனி, காருக்கு முன்விளக்கு பொருத்துகிற லைன். லீவு நாளில் மற்ற மூன்று பேரும் தூங்குவார்கள். நீ மட்டும் மொட்டை மாடியில் நின்று சுற்றிலும் பார்த்துக்கொண்டிருப்பாய். அப்படித்தான் ஏரிக்கரையைக் கண்டுபிடித்தாய். பிறந்ததிலிருந்து அதைப் பார்க்கிற எனக்கு அது வெறும் கரை. நீதான் கையை நீட்டி, "ஏட்டி, அது எங்க போய் முடியுது?" என்று கேட்டாய்.

"பெரும்புதூர் கிட்டக்கா."

"பெறவு ஏன் பஸ்ஸுக்கு நின்னு சாகுத?"

பிளஸ் ஒன் சேர்ந்த முதல் மாதத்திலிருந்தே எனக்கு அந்தப் போராட்டம்தான். எங்கள் ஸ்டாப்பிங்குக்கு வரும்போதே பஸ்ஸில் கம்பெனி ஆட்கள் படி வரைக்கும் தொங்குவார்கள். டிரைவர் நேராகப் பார்த்துக்கொண்டு ஓட்டிவிடுவார். பள்ளிக்கூடத்தில் கொடுக்கிற இலவச சைக்கிளைக்கூட வாங்கக் கூடாது என்று அப்பா ஒரே பேச்சாக முடித்துவிட்டார். "கேட்ல நின்னுகினு தெனம் பாக்கறேன், அந்த டிரைலர் லாரிங்கோ எப்புடி திரும்புதுன்னு. சைக்கிளும் வாணாம், ஒண்ணும் வாணாம்." ஏரிக்கரையில் லாரி வராது. ஆனால் அங்கே சாதாரண லேடீஸ் சைக்கிளும் போகாது. கல், பள்ளம், ஈரத்தில் எருமை மிதித்துக் காய்ந்த குழிகள். "அப்ப கரையில ஓடுத சைக்கிள் வேணும்," என்றாய் நீ, கடையில் போய் உப்பு வாங்குவதுபோல.

ஒரகடம் கூட்ரோட்டுக் காயலாங்கடையில் அதைப் பார்த்தது ஆடி மாதத்து ஞாயிற்றுக்கிழமை. கொரியாக்காரர் ஒருவர் வீட்டைக் காலி செய்து ஊருக்குப் போனபோது போட்டுவிட்டுப் போனதாம். மலைப்பாதையில் ஓட்டுகிற சைக்கிள். முன்னால் மட்டும் ஸ்பிரிங், பின்னால் கிடையாது. சக்கரம் இரண்டும் இல்லை. சிவப்பு பெயின்ட், அதன்மேல் நம் இரண்டு பேருக்கும் படிக்க வராத எழுத்து. லைனில் கீழே விழுந்த ஸ்குரூவைப் பொறுக்குவதற்கு நீ வைத்திருந்த குட்டிக் காந்தத்தை எடுத்து ஃப்ரேமில் வைத்தாய். ஒட்டாமல் கீழே விழுந்தது. என் காதோரம் வந்து, "இரும்பு இல்லட்டி, அலுமினியம். மூஞ்சிய உர்ருன்னு வச்சுக்கோ" என்றாய். நான் உர்ரென்று வைத்துக்கொண்டேன்.

கடைக்காரர் சிரித்துவிட்டார். "இன்னாமா, காந்தம்லாம் எட்துகினு வந்துகீறீங்க. அலுமினியம்னு எனக்குத் தெரியாதா? எட போட்டுத்தான் குடுப்பேன், ஆமா."

எடை என்றதும் உன் மூளை வேலை செய்யத் தொடங்கியது. "அண்ணாச்சி, கனமா இருக்க இரும்பெல்லாம் கழட்டிருங்க. எங்களுக்கு வேண்டாம்." சீட்டுக் கம்பி போனது. ஹேண்டில்பார் போனது. கடைசியில் ஸ்பிரிங் வைத்த முன் ஃபோர்க்கும் போனது. எல்லாவற்றிலும் அதுதான் கனம். தராசுத் தட்டு லேசாக மேலே ஏறியபோது என் கையை நசுக்கினாய். வழியெல்லாம் ஃப்ரேமை மாற்றி மாற்றி ஒற்றை விரலில் தூக்கிக்கொண்டு, நம் சாமர்த்தியத்தை நாமே மெச்சிக்கொண்டு வந்தோம். மாடியில் சுவரோடு சாய்த்து வைத்துவிட்டு நின்று பார்த்தபோதுதான் நான் கேட்டேன்.

"அக்கா, முன் சக்கரத்த எதுல மாட்டறது?"

நீ குனிந்து ஃப்ரேமின் முன்பக்க ஓட்டைக்குள் விரலை விட்டுப் பார்த்தாய். மறுநாள் ஷிஃப்ட் முடிந்ததும் யூனிஃபார்மோடு காயலாங்கடைக்கு ஓடினாய். ஃபோர்க் லாரி ஏறிப் போய்விட்டிருந்தது. திரும்பி வந்து படியில் உட்கார்ந்து, "ஸ்பிரிங் சைக்கிள் வாங்கப் போயி ஸ்பிரிங்க மட்டும் விட்டுட்டு வந்தவுக உலகத்துலயே நாம ரெண்டு பேருதாம்ட்டி" என்றாய். அழுவாய் என்று நினைத்தேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய்.

அதற்குப் பிறகு மாதம் ஒரு சாமான். வல்லத்துச் சைக்கிள் கடையில் ஃப்ரேம் ஒடிந்துபோன ஒரு கியர் சைக்கிள் கிடந்தது. அதன் ஃபோர்க் நம் ஃப்ரேமில் ஏறியது. ஸ்பிரிங் இல்லாத மொட்டை ஃபோர்க். அடுத்த மாதம் அதன் சக்கரங்கள், பிறகு ஹேண்டிலும் சீட்டும் பெடல்களும். கியர் வேண்டும் என்று உனக்கு ஆசை. "இருக்கட்டும், மொதல்ல உருளட்டும்" என்று விட்டுவிட்டாய். எல்லாம் உன் கட்டிலுக்குக் கீழே சேர்ந்தன. அப்பாவுக்குத் தெரியாது. உன் அறைத் தோழிகள் முனகினார்கள், ஆனால் காட்டிக்கொடுக்கவில்லை.

உங்கள் லைனில் ஸ்குரூ முடுக்குவதற்கு ஒரு முறை உண்டு. மேலே தொங்குகிற மெஷினை இழுத்து, வலது பக்கம் சுற்றி, கிளிக் என்று கேட்டதும் விட்டுவிட வேண்டும். விட்ட கையோடு மஞ்சள் மார்க்கரால் ஸ்குரூ தலையில் ஒரு கோடு. கோடு இருந்தால் முடுக்கியாயிற்று, இனி யாரும் அதைத் தொடக்கூடாது. நம் சைக்கிளுக்கும் அதே சட்டம் போட்டாய். நான் ஸ்பேனரைச் சுற்றுவேன். நீ வாயாலேயே "கிளிக்" என்பாய். உடனே மஞ்சள் கோடு.

வலது பெடல் ஏறியது. கிளிக், கோடு. இடது பெடல் ஏறவே இல்லை.

"லைன்ல இப்டி மக்கர் பண்ணா இன்னாக்கா பண்ணுவீங்க?"

"லைட்டப் போட்டு சூப்பர்வைசரக் கூப்பிடுவோம்."

"இங்க யாரு சூப்பர்வைசரு?"

"நாந்தான். அமுக்கு."

ஸ்பேனர் நுனியில் தண்ணீர்க் குழாய்த் துண்டு ஒன்றைச் செருகி, இரண்டு பேரும் தொங்கினோம். எனக்கு அப்போதே உள்ளுக்குள் ஏதோ சரியில்லை என்று பட்டது. சொல்லப் பயந்துகொண்டு சும்மா இருந்தேன். கிரீச்சென்று ஒரு சத்தம். பெடல் பாதி ஏறிக் கோணலாக நின்றது. நீ தலையைச் சாய்த்துப் பார்த்தாய். பிறகு "கிளிக்" என்று சொல்லிக் கோட்டைப் போட்டுவிட்டாய்.

அப்பா வேலைக்குப் போயிருந்த நேரமாகப் பார்த்து வல்லத்துக் கடைக்கு எடுத்துப் போனோம். கடைக்காரர் சைக்கிளைச் சுற்றி வந்தார். "இன்னாமா இது, அங்கங்க மஞ்சா பொட்டு வெச்சி, பூஜ போட்டு எட்துகினு வந்துகீறீங்க?" இடது பெடலுக்கு வந்ததும் அவர் சிரிப்பு நின்றுவிட்டது. "எவன்மா இத முடுக்குனது? இடது பெடலு எதிர்ப்பக்கம் சுத்தணும். இல்லாங்காட்டி மிதிக்க மிதிக்க கயண்டுகினு வந்துரும். மரை பூரா பூட்ச்சி பாரு."

நீ விடவில்லை. "உலகத்துல எல்லா ஸ்குரூவும் வலது பக்கந்தான் அண்ணாச்சி. ஒரு ஷிஃப்டுக்கு நான் எத்தன போடுதேன் தெரியுமா?"

"அது உன் கம்பெனிமா. இது சைக்கிளு."

நான் சிரித்த சிரிப்பில் கடை வாசலிலேயே உட்கார்ந்துவிட்டேன். நீ என்னை முறைத்தாய். அப்புறம் மஞ்சள் கோட்டைப் பார்த்தாய். அவ்வளவுதான், நீயும் என் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாய்.

பெடலைத் தாங்குகிற அந்த அலுமினியக் கை தேறாது. புதிது வாங்க நமக்கு வழியில்லை. கடைக்காரர்தான் மூலையில் கிடந்த பழைய லேடீஸ் சைக்கிளிலிருந்து இரும்புக் கைகள் இரண்டையும் அச்சோடு கழற்றி, சுத்தியால் ஆணி அடித்து இறுக்கிக் கொடுத்தார். தள்ளி நின்று பார்த்து, "கொரியாக்காரன் ஒடம்பு, வல்லத்துக் காலு" என்றார்.

மார்கழியில் ஒரு நாள், மொட்டை மாடியில் செங்கல் அடுக்கி, பின் சக்கரம் தரையில் படாமல் அதை நிறுத்தினோம். அப்போது டயர்கூட இல்லை. கடைக்காரர் தூக்கிக் கொடுத்த பழைய செயின் மட்டும் இருந்தது. உனக்கு சைக்கிள் ஓட்டவே தெரியாது என்பதை அன்றைக்குத்தான் சொன்னாய்.

"அப்புறம் எதுக்குக்கா இவ்ளோ பாடு?"

"ஓட்டத் தெரியாதவ சைக்கிள் வச்சிருக்கக் கூடாதோ? நீ ஓட்டு. பெறவு எனக்குச் சொல்லிக்குடு."

நான் ஹேண்டிலைப் பிடித்துக்கொண்டேன். நீ ஏறி உட்கார்ந்து, கண்ணை இறுக்க மூடி மிதிக்கத் தொடங்கினாய். சக்கரம் விர்ரென்று சுற்றியது. "எங்கட்டி போயிட்டிருக்கோம்?"

"சுங்குவார்சத்திரம்."

"அவ்வளவுதானா? இன்னும் வெரசா மிதிக்கேன். இப்ப?"

"காஞ்சிபுரம் தாண்டியாச்சுக்கா!"

"நிறுத்தாத. எங்க ஊருக்கு விடு."

கீழேயிருந்து அப்பா, "மேல இன்னா சத்தம்?" என்றார். நாம் இரண்டு பேரும் மூச்சுவிடவில்லை. சக்கரம் மட்டும் தன்பாட்டில் சுற்றிக்கொண்டே இருந்தது.

பொங்கல் முடிந்து காய்ச்சலோடு ஊருக்குப் புறப்பட்டாய். உன் கண் மஞ்சளாக இருந்தது. "டயர் வாங்கி வை, வந்துருதேன்" என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினாய். இருபது நாள் கழித்து உன் தோழி கீழே இறங்கி வந்து, காமாலை முற்றி நீ போய்விட்டாய் என்று அம்மாவிடம் சொன்னாள். நான் உள்ளே இருந்து கேட்டேன். வெளியே வரவில்லை.

அதற்கு மறுநாள் அப்பா கடப்பாரையை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போய், மூடி உடைந்திருந்த சிமென்ட் தண்ணீர்த் தொட்டியை இடித்துத் தள்ளினார். அந்த இடத்துக்குக் கறுப்பு பிளாஸ்டிக் தொட்டி வந்தது. உனக்குக் காமாலை வந்தது எங்கள் தொட்டித் தண்ணீராலா, வேறு எங்கேயோ குடித்த தண்ணீராலா, யாருக்கும் தெரியாது. யாரும் கேட்கவும் இல்லை. அன்றிலிருந்து இந்த வீட்டில் உன் பெயரை யாரும் சொல்வதில்லை. உன் தோழிகள் அறையைக் காலி செய்தபோது டயரில்லாத சைக்கிளை என்னிடம் கொடுத்தார்கள். பெடல்களைக் கழற்றிவிட்டு, அதைக் கொட்டகையில் விறகுக்குப் பின்னால் சொருகி வைத்தேன். எடுத்தால் யாருடையது என்று கேட்பார்கள். கேட்டால் உன் பெயரைச் சொல்ல வேண்டும். அந்தப் பயத்திலேயே ஒரு வருஷம் அதைத் தொடவில்லை. நீ திட்டு, வாங்கிக்கொள்கிறேன்.

இப்போது நான் பிளஸ் டூ. புதிதாக இரண்டு கம்பெனி வந்துவிட்டன. வாரத்தில் பாதி நாள் பஸ் நிற்பதே இல்லை. பொங்கல் லீவுக்கு முன்னால் கிளாஸ் டீச்சர் என்னை எழுந்து நிற்கச் சொன்னார். "இனிமே ஒரு நாள் லேட்டா வந்தாலும் ஆப்சென்ட்தான். நாள் பத்தலன்னா ஹால் டிக்கெட் வராது. அப்புறம் என்கிட்ட வந்து அழக்கூடாது." அப்பாவிடம் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. "பஸ்ஸு நிக்கலன்னா நீ இன்னா பண்ணுவ? நின்னுக்கோ. பதினெட்டு ஆவட்டும், கம்பெனில சொல்லி வெக்கறேன்" என்று சாதாரணமாகச் சொன்னார். கோபமாகச் சொல்லியிருந்தால் இவ்வளவு பயம் வந்திருக்காது.

அன்றைக்கே விறகை நகர்த்தினேன் அக்கா. லீவு நாலு நாளும், அப்பா தூங்கும் நேரமெல்லாம், கொட்டகையில்தான் இருந்தேன். பொங்கல் காசில் டயரும் டியூபும் பின் பிரேக்கும் வந்தன. முன் பிரேக்குக்குக் காசு போதவில்லை. செயினுக்கு கிரீஸ் தடவினேன். ஸ்குரூ ஒவ்வொன்றையும் மறுபடி இறுக்கினேன். உன் மார்க்கர் காய்ந்து போயிருந்ததால் நெயில் பாலிஷால் கோடு போட்டேன். இடது பெடலை, உன்னைத் திட்டிக்கொண்டே, எதிர்ப்பக்கம் சுற்றினேன். வெண்ணெய்போல ஏறியது!

இன்று காலை பஸ் நிற்கவில்லை. படியில் தொங்கியவர்கள் என்னைப் பார்த்துக்கொண்டே போனார்கள். அடுத்த பஸ்ஸுக்கு நின்றால் ஆப்சென்ட். வீட்டுக்கு ஓடினேன். அம்மா வேலைக்குப் போய்விட்டாள், அப்பா ராத்திரி ட்யூட்டி முடித்துத் தூங்குகிறார். தாவணி முனையை இடுப்பில் பின் குத்தி இறுக்கினேன். சைக்கிளைச் சத்தமில்லாமல் தூக்கியே தெரு முனை வரைக்கும் கொண்டுபோனேன். தூக்க முடிந்தது அக்கா, அவ்வளவு லேசு!

கரை ஏறியதும் குளிர்காற்று மூஞ்சியில் அடித்தது. ஒரு பக்கம் ஏரி தளும்பிக்கொண்டு நின்றது. மறுபக்கம் கம்பெனிகளின் தகரக் கூரைகள் வெயிலில் பளபளவென்று. கல்மேல் ஏறும்போது கை அதிர்ந்தது, பல் அடித்துக்கொண்டது, ஆனால் சைக்கிள் அசரவில்லை. எருமைக் கூட்டத்துக்கு நடுவே மணி இல்லாமல் கத்திக்கொண்டே போனேன். மாட்டுக்காரர் கரைச் சரிவில் ஒதுங்கினார். அப்புறம் மதகு வந்தது. அங்கே கரை சரேலென்று கீழே இறங்கி மேலே ஏறும். இறங்கித் தள்ளிக்கொண்டு போகத்தான் நினைத்தேன். பின் பிரேக்கை அமுக்கினால் சக்கரம் வழுக்குகிறது. நிற்கவில்லை. கண்ணில் தண்ணீர், காதெல்லாம் காற்று. கீழே போய் அதே வேகத்தில் மறுபக்கம் ஏறிவிட்டேன். விழவில்லை! நடுவில் ஒரு முறை செயின் கழன்றது. கையாலேயே மாட்டினேன். அந்த கிரீஸ்தான் இது.

பிரேயர் பெல் அடிக்கும்போது வரிசையில் நின்றேன். டீச்சர் பெயர் கூப்பிட்டபோது, "உள்ளேன் டீச்சர்" என்று கத்திவிட்டேன். எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். "இன்னாடி, தாவணியெல்லாம் மண்ணு?" என்றார் டீச்சர். என்னால் பல்லை மூட முடியவில்லை.

இவ்வளவும் எழுதிவிட்டேன். இனிமேல்தான் பயம். நாளைக்கும் பஸ் நிற்காது. எத்தனை நாள் திருட்டுத்தனமாகத் தூக்கிக்கொண்டு ஓடுவது? ஒரு நாள் பார்த்துவிடுவார். அதனால் இப்போது போய், சைக்கிளைக் கொட்டகையிலிருந்து எடுத்து, அப்பா மொபெட் நிறுத்தும் இடத்திலேயே நிறுத்தப்போகிறேன். அதை நகர்த்தாமல் அவரால் உள்ளே வர முடியாது.

காலை ஏழு மணி. இதை அவசரமாக எழுதுகிறேன்.

மொபெட் சத்தம் கேட்டு வாசலுக்கு வந்தேன். அப்பா டிபன் பையோடு சைக்கிள் முன்னால் நின்றிருந்தார்.

"யாருது இது?"

உன் பெயரைச் சொன்னேன். இந்த வீட்டில், வாய்விட்டு.

அப்பா முன் சக்கரத்தைத் தூக்கிப் பார்த்தார். கை எதிர்பார்த்ததைவிட மேலே போய்விட்டது. நெயில் பாலிஷ் கோடுகளைத் தடவினார். பிறகு சொன்னார். "நேத்து டீக்கடைல மாட்டுக்காரரு சொல்லிகினு இருந்தாரு. கர மேல ஒரு பொண்ணு செவப்பு சைக்கிள்ல பறந்துகினு போச்சாம். உம் பொண்ணான்னு கேட்டாரு. எம் பொண்ணு பஸ்ல போதுன்னு சொல்லிட்டு வந்தேன்."

நான் போய் ஹேண்டிலைப் பிடித்துக்கொண்டேன்.

"ரோட்ல ஏறுனியா?"

"இல்லப்பா. கரையிலியே போயி, கரையிலியே வந்தேன்."

"முன் பிரேக் எங்க?"

"இன்னும் வாங்கல."

"இத்த வெச்சிகினு மதகுல எறங்குனியா நீ?" சத்தம் போட்டார். அம்மா உள்ளேயிருந்து ஓடி வந்தாள். அவர் குரலை இறக்கிக்கொண்டார். "இன்னிக்கி மொபெட்ல உட்டுடறேன். வர்றப்ப பிரேக்கு வாங்கியாறேன். அது மாட்டாம இத தொடக்கூடாது." குழாயடியில் காலைக் கழுவிக்கொண்டே, முதுகைக் காட்டியபடி கேட்டார். "அந்தப் பொண்ணு வூட்ல இன்னும் யாருகீறாங்க?"

"அம்மாவும் தம்பியும்பா."

குழாயை மூடினார். அப்புறம், "மதகுல பயமா இல்லியா உனக்கு?" என்றார்.

"பயமாத்தான் இருந்துச்சு. அதுக்காவ போவாம இருக்க முடியுமாட்டி?" என்றேன். அப்பாவைப் போய் 'ட்டி' போட்டுவிட்டேன் அக்கா! நாக்கைக் கடித்துக்கொண்டேன். அவர் திரும்பி என்னையே பார்த்தார். யாருடைய பேச்சு என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. திட்டவில்லை. முகத்தைத் துண்டால் அழுத்தித் துடைத்துக்கொண்டு, உன் பெயரை ஒரு தரம் சொன்னார். என்னிடம் இல்லை, சைக்கிளைப் பார்த்து.

மொபெட்டை ஸ்டார்ட் செய்துவிட்டார். கூப்பிடுகிறார். உன் பேச்சு எப்போது என் வாய்க்குள் குடிவந்தது என்று எனக்கே தெரியாது. வந்தது இருக்கட்டும். நான் காலி பண்ணச் சொல்ல மாட்டேன்.